மணிமேகலையை எந்தக் கட்டில் வைப்பது?



கல்கியின் சரித்திர நாவல்களில் வரும் மனிதர்களை வைத்து நீங்களும் ஒரு கதை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டாலும் கேட்டோம், ஆசிரியர் குழு அறையில் டீ கிளாஸ் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. வந்தவற்றில் பெரும்பகுதி ‘பொன்னியின் செல்வன்’. மிச்சத்தில் ‘சிவகாமியின் சபத’த்தின் சிவகாமியும் நாகநந்தியும். ‘பார்த்திபன் கனவு’ பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. விக்கிரமன் கோபித்துக்கொள்ளப் போகிறான்.

‘முடிவு எப்போது சார்?’ என்று கேட்டு வரும் கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதைகள் இன்னும் நடுவர்கள் கைக்கே போகவில்லை. கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அது என்ன அவ்வளவு பெரிய வேலையா என்று கேட்பீர்கள். பரிசு யாருக்கு என்பது நடுவர் கையில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எந்தக் கதையை எந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்தோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

ஒரு கதையைச் சொல்கிறேன். கோடிக்கரையில் ஓர் இரவு. பூங்குழலி படகை இழுத்துக் கட்டுகிறாள். அண்ணி ராக்கம்மாளோடு நாலு வார்த்தை சண்டை. பிறகு கலங்கரை விளக்கத்தில் அப்பா ஏற்றிய தீயைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவ்வளவுதான், ஒரு கொலை இல்லை, ஓலை இல்லை, குதிரை கனைக்கவில்லை. அடுத்த உறையைப் பிரித்தால் கடம்பூர் மாளிகை: நந்தினி, வாள், வெறி பிடித்த கரிகாலன், மறைவில் ரவிதாஸன். இரண்டையும் ஒரே கட்டில் வைத்து, இரவு பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்தில் படிக்கும் ஒரு நடுவரிடம் கொடுத்தால் எது ஜெயிக்கும்? வாள்தான். என்னைக் கேட்டால் அந்தக் கோடிக்கரைக் கதை எழுதுவதற்குக் கஷ்டமானது. ஒன்றுமே நடக்காத ஓர் இரவில் வாசகரை உட்கார வைப்பது லேசான காரியமல்ல.

முதலில் பாத்திரவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். நந்தினி கட்டு சரிந்து விழுந்தது. வந்தியத்தேவன் தலைகாட்டாத கதையோ அபூர்வம், அவனை எந்தக் கட்டில் சேர்ப்பது? ‘வாணர்குல வீரன்’ என்று ஒருவர், ‘வல்லவரையர்’ என்று ஒருவர், ‘வந்தி’ என்று செல்லமாக ஒருவர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அட்டவணை போட வந்த புதுத் தம்பிக்குத் தெரியவில்லை. பாவம், மூன்று கட்டு போட்டுவிட்டார்.

இதே தலைவலி பெரிய அளவில் இருந்த இடம் ஒன்று உண்டு. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்று ரசிகர் புனைவுகளுக்கென்றே ரசிகர்கள் கட்டிய இணையக் களஞ்சியம். 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருதையும் வாங்கியது. அங்கே எழுதுபவர் தன் கதைக்கு என்ன குறிச்சொல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். யாரும் அதைத் திருத்துவதில்லை. திரைக்குப் பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒரே பொருளைச் சொல்லும் பல குறிச்சொற்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறார்கள். ‘வந்தி’ என்று தேடினாலும் வல்லவரையன் கிடைப்பான் என்கிற மாதிரி. எழுதியவரின் சொல்லைத் தொடாமல் தேடுகிறவரின் கஷ்டத்தையும் தீர்க்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நம் தம்பியும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீளத்தை வைத்துப் பிரிப்பதில் அவ்வளவு சிக்கல் இல்லை. சரியாக நூறு சொல்லில் முடியும் கதைகளை ஆங்கிலத்தில் ‘டிராபிள்’ என்பார்கள். நமக்கும் சில வந்திருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கட்டு போட்டாயிற்று. முப்பது அத்தியாயக் கதையோடு அவற்றை மோத விடுவது நியாயமில்லை.

பாத்திரத்தை விட்டு, மூலக்கதையோடு உங்கள் கதை என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தபிறகுதான் வழி பிறந்தது. சிலர் கல்கி எழுதாமல் விட்ட இடைவெளியை நிரப்புகிறீர்கள். பூங்குழலியின் இரவு அந்த வகை. சிலர் கதை முடிந்த இடத்தில் பேனாவை எடுக்கிறீர்கள். இதற்கு நம்மிடம் பழைய வழக்கமே உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்து முடிந்தபோதே, அப்புறம் யாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுக் குவிக்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகும் ஆசை தீரவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார் (இது எழுத்தாளர் விக்கிரமன், கோபித்துக்கொள்ளப்போகும் இளவரசன் வேறு). அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். கம்பனும் ரசிகர் புனைவாளன்தான் என்று ஒரு வாசகர் நாலு பக்கம் வாதாடியிருக்கிறார். நான் அந்த அளவுக்குப் போகத் தயாரில்லை. ஆனால் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ என்று அவர் எழுதியிருந்தால் மறுப்புச் சொல்லக் கொஞ்சம் திணறியிருப்பேன்.

‘அப்படி நடந்திருந்தால்?’ என்ற கட்டுதான் எங்களைச் சண்டை போட வைத்தது. ஒரு வாசகி மணிமேகலையைப் பிழைக்க வைத்துவிட்டார். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகத்தின் கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் அதே மணிமேகலை. உடம்பு தேறி, கடம்பூரை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொடுக்கிறாள். ஓரிடத்தில் வந்தியத்தேவன் எதிரே வருகிறான். இவள் நலம் விசாரிக்கிறாள், வழி சொல்கிறாள், தன் வழியில் போய்விடுகிறாள். உதவி ஆசிரியர் இதைக் காதல் கட்டில் வைத்தார். இன்னொருவர் ‘அப்படி நடந்திருந்தால்’ என்றார். நான் தொடர்ச்சிக் கட்டு என்றேன். கடைசியில் எழுதியவரையே போனில் கூப்பிட்டோம். “காதலா? அதைத்தான் சார் அவ தாண்டி வந்துட்டா. பயணக் கதைன்னு ஒரு கட்டு இருக்கா?” என்றார். இல்லை. இப்போது இருக்கிறது.

டோல்கீன் ரசிகர்கள் 2004-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்திய ‘மிடில் எர்த் ஃபேன்ஃபிக்‌ஷன் அவார்ட்ஸ்’ பற்றிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் மனதில் பதிந்தன. ஒன்று, எந்தப் பிரிவு என்று எழுதியவரின் விருப்பத்தைக் கேட்டது. மற்றது, வெறும் டிக் அடிக்கிற வாக்குச்சீட்டு அங்கே இல்லை. கதையைப் படித்தவர் எழுதும் விமர்சனமே ஓட்டு, விரிவாக எழுதினால் கூடுதல் புள்ளி. பரிசு கிடைக்காதவருக்கும் நாலு பேர் படித்து எழுதிய கடிதம் மிஞ்சும். முதல் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டாவதில் பாதி. வாசகர் பரிசுக்கு ஓட்டுப் போடும்போது ஏன் பிடித்தது என்று மூன்று வரியாவது எழுத வேண்டும். பெயரை மட்டும் எழுதிவரும் கார்டு செல்லாது. சித்தப்பா பையனுக்காகத் தெருவையே திரட்டி ஓட்டுப் போட நினைப்பவர்கள் மூன்று வரிக்காகவாவது கதையைப் படித்துவிடுவார்கள்.

கடம்பூர் கொலைக்கு மட்டும் தனிக் கட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி புகையாகவே விட்டுவிட்டுப் போனார். உடையார்குடிக் கல்வெட்டோ ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டிலேயே ரவிதாஸன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நுழைந்து துப்பறியாத வாசகரே இல்லை போலிருக்கிறது. சரித்திரச் சான்றோடு பொருந்துகிறதா என்று நடுவர்கள் மார்க் போட மாட்டார்கள், கவலை வேண்டாம். கதை நம்ப வைக்கிறதா என்பதுதான் கேள்வி.

2022-இலும் 2023-இலும் வந்த மணிரத்னம் படங்களால் இன்னொரு கிளை முளைத்திருக்கிறது. படத்தில் மணிமேகலையே கிடையாது. சேந்தன் அமுதன் அரியணை ஏறுவதும் கிடையாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியவரின் கதையில் அமுதன் பூக்குடலையோடு நிற்கிறான், நாவலில் ஊறியவரின் கதையில் அவனே சோழ மன்னன். நாவல் தெரியாமல் எழுதிவிட்டார் என்று முதல் கதையை நடுவர் ஒதுக்கிவிடக்கூடாது. அதனால் முதல் பக்கத்தில் ‘நாவல்வழி’ அல்லது ‘படவழி’ என்று குறித்துவிடுங்கள். இரண்டில் எதுவும் இங்கே மட்டம் கிடையாது. படம் பார்த்து வந்த பிள்ளைகள்தான் இந்த முறை கட்டுகளைக் கனக்க வைத்திருக்கிறார்கள்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் பாத்திரத்தை வைத்து எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் போட்டிக்கு வேண்டாம். கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் நாம் தைரியமாக அச்சில் போடுகிறோம். மற்றவர்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும்.

கதையின் தலையில் எச்சரிக்கை வரி போடுவதில் இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை. நம் இதழை வீட்டில் பாட்டியும் படிக்கிறார், எட்டாம் வகுப்புப் பேத்தியும் படிக்கிறாள். கொடூரக் காட்சி உண்டு என்று ஒரு வரி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ‘முக்கியப் பாத்திரம் இறக்கிறது’ என்று மேலேயே போட்டுவிட்டால் கதையின் உயிர் போய்விடும் என்கிறார்கள் சிலர். முன்பு சொன்ன களஞ்சியத்தில் இதற்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை தர விரும்பவில்லை என்பதையே எழுதியவர் ஓர் எச்சரிக்கையாகத் தேர்ந்தெடுக்கலாம். அதையே நாமும் செய்கிறோம். துணிந்தவர்கள் உள்ளே போகட்டும்.

அடுத்த இதழில் எல்லாக் கதைகளின் தலைப்பும், எந்தப் பிரிவில் வைத்திருக்கிறோம் என்ற விவரமும் வெளியாகும். உங்கள் கதை தப்பான இடத்தில் இருப்பதாகப் பட்டால் ஒரு கார்டு போடுங்கள், கூச்சப்பட வேண்டாம். எந்தப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், ஏன் என்று இரண்டு வரி போதும். உங்கள் கதைக்கு ஏன் முதல் பரிசு தர வேண்டும் என்று அதே கார்டில் எழுதினால், அந்தப் பகுதியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுவதாக உதவி ஆசிரியர் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
ஆசிரியர்