கொலைக்கு முன் நாம் எங்கே இருந்தோம்?

2011 மார்ச்சில் சேலம் பேருந்து நிலையத்தில் ஜெய்சங்கர் போலீஸ் காவலிலிருந்து தப்பினார். எடப்பாடிப் பக்கத்து ஆள், லாரி டிரைவர். பெண்களைக் கடத்திக் கொன்ற வழக்குகளில் சிக்கியவர். தர்மபுரி நீதிமன்றத்தில் ஆஜர்படுத்திவிட்டுக் கோவைச் சிறைக்குத் திரும்ப அழைத்துப் போகும் வழியில்தான் அது நடந்தது. காவலுக்குப் போன போலீஸ்காரர் ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். தப்பியவர் கர்நாடகத்தில் மேலும் கொலைகள் செய்தார். பத்திரிகைகள் 'சைக்கோ சங்கர்' என்று எழுதின. டீக்கடையில் நாமும் அப்படியே சொன்னோம்.

நீதிமன்றம் அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று விடுவிக்கவில்லை, தண்டித்தது. 2018 பிப்ரவரியில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் நாம் சூட்டிய பட்டம் இரண்டு வேலை செய்தது. கைதியைக் கோட்டைவிட்ட காவல் ஏற்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்க மறந்தோம். கூடவே, ஒரு கொலைபாதகமும் செய்யாமல் நம் தெருக்களில் நோயோடு அல்லாடுகிறவர்களை அந்தப் பட்டத்துக்குள் தள்ளிவிட்டோம்.

"பைத்தியம்னு சொன்னாத் தப்பிச்சுக்கலாமாமே" என்பது நம் அடுத்த வசனம். சட்டம் அவ்வளவு இளகியதல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக இருக்கிறது. நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. செய்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தயாபாய் தக்கர் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் காரணத்தால் விடுதலையானாலும் நேரே வீட்டுக்கு வந்துவிட முடியாது. பாதுகாப்பான காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடும். அல்லது பொறுப்பேற்று உத்தரவாதம் தரும் உறவினரிடம் ஒப்படைக்கும்.

முன்பு எப்படி இருந்தார் என்று நீதிமன்றம் கேட்கிறது. அதற்கான அத்தாட்சியை அழிப்பதுதான் நம் குடும்ப வழக்கம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாத்திரை அட்டை அரிசி டிரம்முக்குள் போகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மனநலப் பிரிவு' என்ற முத்திரை தெரிகிறது என்று அதைக் கிழித்து அடுப்பில் போடுகிறோம். கேட்டால், "பையனுக்கு ஒடம்பு செரியில்லைங்க, வேற ஒண்ணுமில்ல." மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலில் 48 நாள் இருந்துவிட்டு வருவதைக் குறை சொல்ல வரவில்லை. திரும்பி வந்ததும் மருத்துவரிடம் போகாமல் விட்டோமே, அதுதான் நம் குற்றம். மாத்திரை நின்று, சந்தேகமும் காதில் கேட்கும் குரலும் முற்றிய சிலரிடம் ஆபத்து இருப்பது உண்மை. பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுகிறவர்களே அவர்கள்தான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகியபோது பதறினோம். ஆனால் தறிப்பட்டறைக்குப் பின்னாலோ கோழிப்பண்ணைக் கொட்டகையிலோ ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தால், 'ஊருக்கு நல்லதுதானே' என்று கடந்துபோனோம். தெருவில் திரிகிறவரை வடக்கே போகும் லாரியில் ஏற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று நாமக்கல்லில் பேசியவர்களும் நாம்தான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. திக்கற்றுத் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்கிறது 100ஆம் பிரிவு. போலீஸ் செய்யவில்லை என்று குறைபட்டோமே தவிர, இந்தப் பிரிவைச் சொல்லி ஒருநாளாவது ஸ்டேஷன் வாசலில் நின்றோமா?

உள்ளே போனவரையும் மறந்தோம். அஸ்ஸாமில் மசாங் லாலுங் 1951இல் கைதானார். குணமாகிவிட்டார் என்று 1967இல் மனநல மருத்துவமனை சொன்ன பிறகும் வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கே அனுப்பினார்கள். வெளியே வந்தது 2005இல்; விசாரணையே இல்லாமல் 54 ஆண்டுகள். 'அந்த வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போயிட்டான்' என்பதோடு கதையை முடித்துக்கொள்ளும் எந்த ஊரிலும் இன்னொரு லாலுங் உருவாகலாம். நம் ஊர் அதற்கு விலக்கல்ல.

இனி செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாங்கிய சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் எண் 14416. வீட்டுக்குள் மனநோயாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார், கைவிடப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால், தெரிந்தவர் யாரானாலும் போலீசில் சொல்ல வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. சொல்வது நம் கடமையாக இருந்தது. நாம்தான் சொல்லவில்லை.