டிராகன் செடிக்குத் தூண்தான் முக்கியம்!

பழக்கடையில் செக்கச் செவேல் என்று, உடம்பெல்லாம் செதில் செதிலாக ஒரு பழம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் டிராகன் பழம். குழந்தைகள் ஆசையோடு கேட்கின்றன. விலையைக் கேட்டதும் அம்மா தயங்குகிறாள். "நம் வீட்டிலேயே வளர்த்தால் என்ன?" என்கிறார் அப்பா.

நல்ல யோசனைதான். வளர்க்கலாம். ஆனால், வளர்க்கிறவர்களில் பலர் தலைகீழாக வேலை செய்கிறார்கள். செடிக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கிறார்கள். அது ஏறி நிற்க வேண்டிய தூணுக்குக் காசு செலவழிக்க மனம் வருவதில்லை!

டிராகன் செடி ஒரு கள்ளி. பற்றி ஏறும் கள்ளி. வேலி ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிக்கும், இரவில் பூக்கும் நிஷாகந்திக்கும் தாயாதி முறை. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்கே காட்டு மரங்களைப் பிடித்துக்கொண்டு ஏறும். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இதை வியட்நாமுக்குக் கொண்டு போனார்கள். இப்போது நம் நாட்டிலும் பயிராகிறது. 2021-ம் ஆண்டில் குஜராத் அரசு இதற்குக் "கமலம்" என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியது. முள் மாறவில்லை!

சாய்ந்தால் ஆபத்து

இந்தச் செடியின் தண்டு முழுவதும் தண்ணீர். சிறு துண்டாக நட்டது, சில வருஷங்களில் ஓர் ஆளின் எடைக்கு மேல் கனத்து விடும். மூங்கில் கழியும் சவுக்குக் கம்பும் அதைத் தாங்குமா? இரண்டு மழைக்காலம் போனால், மண்ணுக்குள் இருக்கும் பகுதி இற்றுவிடும். ஒரு காற்று அடித்தால் போதும். செடி மட்டும் சாய்ந்தால் பரவாயில்லை. அடியில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால்?

ஆகவே, கல்தூண் அல்லது சிமெண்டுத் தூண் போடுங்கள். தரைக்கு மேல் 5 அடி. மண்ணுக்குள் 2 அடி. உச்சியில் இரும்புக் கம்பியைக் குறுக்காக வைத்து, அதன்மேல் ஒரு வளையம். ஒரு தூணுக்கு நான்கு செடி நடலாம்.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஈர மண், தூண், செடி எல்லாம் சேர்ந்த பாரம் அது. தளத்தின் நடுவில் வைக்கக்கூடாது. கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். பழைய வீடு என்றால் மாடி ஆசையை விட்டுவிடுவது நல்லது.

டயரில் கொசு!

வளையத்துக்குப் பதிலாகப் பழைய ஸ்கூட்டர் டயரை மாட்டுவது பலருடைய வழக்கம். செலவு இல்லை என்பதுதான் காரணம். ஆனால், மழை பெய்தால் டயருக்குள் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. கைப்பிடித் தண்ணீர் போதும். பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். பழத்துக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை வாங்குவதா? டயர்தான் கிடைக்கிறது என்றால், அதன் கீழ்ப்பக்கம் சுற்றிலும் ஓட்டை போட்ட பிறகே மாட்டவேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கையை விட்டுப் பாருங்கள்.

மற்ற வேலைகள் சுலபம். ஒரு அடி நீளத் தண்டை வெட்டி, நிழலில் ஒரு வாரம் போடுங்கள். வெட்டிய வாய் காய்ந்ததும் நடுங்கள். மண்ணில் மணலும் மட்கிய எருவும் கலந்திருக்க வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றுவதைப் பாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். கள்ளிக்கு அந்தப் பாசம் ஆகாது. தண்டு அழுகும். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கத்திரி வெயிலில் தண்டு மஞ்சளாகும். அப்போது பழைய சேலையை மேலே கட்டிவிடுங்கள்.

உச்சிக்குப் போகும் வரை ஒரே தண்டுதான் இருக்கலாம். பக்கத்தில் வருகிற துளிரைக் கிள்ளிவிட வேண்டும். வளையத்தைத் தாண்டியதும் நுனியை வெட்டுங்கள். கிளைகள் பிரிந்து குடைபோல் தொங்கும். அந்தக் கிளைகளில்தான் பூ வரும்.

பூ இரவில் மலரும். ஏறக்குறைய ஒரு அடி நீளம்! காலையில் வாடிவிடும். அந்த ஒரே இரவில் மகரந்தம் சேரவேண்டும். வெள்ளைச் சதை ரகங்கள் பெரும்பாலும் தானாகவே காய்க்கும். சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் தேவை. அந்தூப்பூச்சி வராத ஊரில், வீட்டுக்காரர்தான் தூரிகையோடு விழித்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பழம் பழுக்கும்.

"இதைத் தின்றால் சர்க்கரை வியாதி ஓடிவிடும்" என்று சொல்லிச் செடி விற்கிறவர்களை நம்பாதீர்கள். இது மருந்து அல்ல, பழம். வைட்டமின் 'சி'க்கு என்றால், கொல்லைக் கொய்யாவில் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

சிவப்புச் சதைப் பழம் தின்ற மறுநாள், குழந்தையின் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். பதறி எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டாம். பீட்ரூட் தின்றாலும் சிலருக்கு அப்படித்தான்.