ஸவாமுராவின் வலது கை

பதினேழு வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தால், பரீட்சைக்குப் பயந்துகொண்டிருந்தோம் என்பதற்கு மேல் நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. அந்த வயதில் ஜப்பானியப் பையன் ஒருவன் உலகப் பிரசித்தி பெற்ற நான்கு மட்டைக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தலைகுனிந்து திரும்பச் செய்தான். பத்து வருஷங்களுக்குப் பிறகு அவன் கடலுக்கு அடியில் போய்விட்டான். அந்தப் பத்து வருஷத்துக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பையனின் பெயர் ஸவாமுரா எய்ஜி. ஆட்டம் பேஸ்பால். கிரிக்கெட் அறிந்த நேயர்களுக்கு அதை விளக்குவது கடினமன்று. கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். மட்டைக்காரருக்கு அதிர்ஷ்டமும் பொறுமையும் இருந்தால் நாள் முழுவதும் நின்று ஆடலாம். பேஸ்பாலிலோ பந்து தரையைத் தொடாமலே வருகிறது. எறிபவன் நிற்கும் தூரம் அறுபது அடி ஆறு அங்குலம். நம் கிரிக்கெட் ஆடுகளத்தைவிடச் சற்றுக் குறைவு. மூன்று முறை தவறினால் மட்டைக்காரர் போகவேண்டியதுதான். ஆகையால் ஆட்டத்தின் பாரம் பெரும்பாலும் எறிபவனுடைய தோளில்தான் விழுகிறது. தோளில் என்று சொல்வது இங்கே அலங்காரம் அல்ல.

ஸவாமுரா 1917-இல் மியே மாகாணத்தில், புகழ்பெற்ற இஸே ஆலயம் இருக்கும் ஊரில் பிறந்தவன். கியோட்டோவில் ஒரு வர்த்தகப் பள்ளியில் படித்தான். ஜப்பானில் பள்ளிப் பையன்களின் பேஸ்பால் பந்தயத்துக்கு இருக்கும் மதிப்பு நமக்கு எளிதில் புரியாது. கோஷியென் மைதானத்தில் நடக்கும் அந்தப் பந்தயத்தைத் தேசமே கவனிக்கும். ஸவாமுரா அங்கே பெயர் எடுத்தான். இடது காலை வானத்தை நோக்கி உயர்த்தி, உடம்பை வில்லாக வளைத்து, வலது கையால் அவன் பந்தை விடும் காட்சியைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதாதவர் இல்லை.

கலாசாலைக்குப் போகவேண்டும் என்பது அவனுடைய ஆசை. குடும்பத்திலோ பணக் கஷ்டம். 1934-இல் யோமியுரி பத்திரிகையின் அதிபர் ஷோரிகி, அமெரிக்காவிலிருந்து பேப் ரூத் முதலிய மகா ஆட்டக்காரர்களை வரவழைத்து, அவர்களை எதிர்க்க ஒரு ஜப்பானியக் கோஷ்டியையும் சேர்த்துக்கொண்டிருந்தார். பள்ளி மாணவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது என்று ஜப்பானியக் கல்வி இலாகாவின் விதி. பையன் பள்ளியை விட்டான். படிப்பைப் பாதியில் விட்டதற்கு எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அமெரிக்கர்கள் போன ஊரெல்லாம் ஜயித்தார்கள். பேப் ரூத்துக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. தொந்தி விழுந்த அந்த மனிதரைப் பார்க்க டோக்கியோ வீதிகளில் ஜனசமுத்திரம் திரண்டது. 1934 நவம்பர் 20-ஆம் தேதி, ஷிஸுவோகாவில் உள்ள குஸநாகி மைதானம். ஸவாமுரா பந்தெறிய வந்தான். கெஹ்ரிங்கர், ரூத், லூ கெஹ்ரிக், ஜிம்மி பாக்ஸ் என்று நால்வரும் அடுத்தடுத்து மூன்று முறை தவறி வெளியேறினார்கள். அன்று மொத்தம் ஒன்பது பேரை அவன் அவ்வாறு அனுப்பினான். சூரியன் மட்டைக்காரர்களின் கண்ணில் அடித்ததாகச் சொல்வார் உண்டு. இருக்கலாம், ஆனால் எட்டுத் திருப்பம் வரையில் சூரியனே பந்தெறிந்திருக்க முடியாதல்லவா?

ஏழாவது திருப்பத்தில் கெஹ்ரிக் ஒரு பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டார். வளைந்து வரும் பந்தை எறியும்போது பையன் உதட்டைக் கோணிக்கொள்வதை ரூத் கண்டுபிடித்துச் சகாக்களுக்குச் சொன்னார் என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றுக்குச் சுழி என்று ஜப்பான் தோற்றது. எந்தத் தேசமும் தன் தோல்வியை இவ்வளவு ஆசையோடு நினைவில் வைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோஷ்டிதான் பிறகு டோக்கியோ ஜயண்ட்ஸ் ஆயிற்று. 1935-இல் அது அமெரிக்காவில் சுற்றுப்பிரயாணம் செய்தது. அங்கே ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை நீட்ட, ஸவாமுரா போட்டுக் கொடுக்க, பார்த்தால் அது ஓர் அமெரிக்கக் கோஷ்டியில் சேரும் ஒப்பந்தப் பத்திரம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவனுக்கோ அமெரிக்கா பிடிக்கவில்லை. பாஷையும் பழக்கங்களும் ஒத்துவரவில்லை என்று ஊர் திரும்பியபின் ஒரு பத்திரிகையில் ஒளிக்காமல் எழுதினான்.

1936-இல் ஜப்பானில் சம்பள ஆட்டக்காரர்களின் பந்தயம் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், எதிர்க் கட்சியாரில் ஒருவரையும் நல்ல அடி ஒன்றுகூட அடிக்கவிடாமல் ஒரு முழு ஆட்டத்தை ஸவாமுரா முடித்தான். ஜப்பானியப் பந்தயங்களில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் இருபத்துநான்கு ஆட்டங்களில் வெற்றி, நான்கில்தான் தோல்வி. ஒன்பது திருப்பங்களுக்கு அவன் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 0.81, அதாவது, ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஓட்டம்கூட இல்லை. அப்போது அவனுக்கு வயது இருபது.

சீனாவில் யுத்தம் மூண்டது. கலாசாலை மாணவர்களுக்கு ராணுவ சேவையை ஒத்திவைக்கும் சலுகை இருந்தது. சம்பளத்துக்குப் பந்தெறிபவனுக்கு ஏது சலுகை? படிப்பைத் துறந்ததற்கான விலை இதுதான். 1938 ஜனவரியில் அவனைப் படையில் சேர்த்தார்கள். நாட்டிலேயே சிறந்த எறிபவன் கையில் கிடைத்தால் ராணுவம் என்ன செய்யும்? கைக்குண்டை எறியச் சொல்லிற்று. பேஸ்பால் பந்தின் எடை நூற்று நாற்பத்தைந்து கிராம் சுமார். கைக்குண்டு அதைப்போல் மும்மடங்கு. எறிந்து எறிந்து தோள் கெட்டது. இடது கையில் குண்டு பாய்ந்தது. மலேரியாவும் பிடித்தது.

1940-இல் ஊர் திரும்பியபோது பழைய வேகம் இல்லை. காலை உயரத் தூக்கி மேலிருந்து எறிந்தவன், பக்கவாட்டில் கையை வீசி, குறியை மட்டும் நம்பி எறியலானான். அந்தக் கையோடு அவ்வாண்டு ஜூலையில், அடியே விழாத மூன்றாவது ஆட்டத்தையும் ஆடிக் காட்டினான்! அவனுடைய வீரச் செயல்களில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், ரூத்தை வெளியேற்றியதை அல்ல, இதைத்தான் சொல்லுவேன். பதினேழு வயதில் கை தானே எறிந்தது. இப்போது கெட்டுப்போன கையை அவன் எறிய வைத்தான்.

மறு ஆண்டு மீண்டும் அழைப்பு. 1943-இல் திரும்பி வந்து எறிந்தான். ஒரு வெற்றிகூட இல்லை. அந்த யுத்த நாட்களில் மைதானத்திலிருந்து ஆங்கில வார்த்தைகளையே ஒழித்துவிட்டார்கள். “ஸ்ட்ரைக்” என்று கூவுவதற்குப் பதில் “யோஷி” என்று நடுவர் கூவினார். சொல்லை மாற்றலாம், தோளை மாற்ற முடியுமா? அவனுடைய கடைசி ஆட்டத்தில் அவனைப் பந்தெறியக்கூட விடவில்லை. வேறொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க அனுப்பினார்கள். 1944 ஆரம்பத்தில் ஜயண்ட்ஸ் கோஷ்டி அவனை விலக்கிவிட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மூன்றாம் முறையாகப் படைக்கு அழைப்பு வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி, யாகுஷிமா தீவுக்கு அப்பால், துருப்புகளை ஏற்றிச் சென்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. ஸவாமுராவுக்கு வயது இருபத்தேழு.

கணக்கைப் பார்த்தால் அறுபத்துமூன்று வெற்றி, இருபத்திரண்டு தோல்வி; இவ்வளவுதான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு ஜயித்திருக்கிறார்கள். ஆயினும் 1947-இல் ஜயண்ட்ஸ் கோஷ்டியார் அவன் அணிந்த பதினான்காம் எண்ணை இனி ஒருவருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கினார்கள். அதே வருஷம் அவன் பெயரால் ஒரு பரிசும் ஏற்பட்டது. ஆண்டின் சிறந்த எறிபவனுக்கு அது உரியது. தகுதியுள்ளவர் இல்லை என்று பரிசுக் குழுவினர் கருதினால் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. 2019-இல் அப்படித்தான் நடந்தது. ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை தாமே எறிந்து முடிப்பவர்கள் இக்காலத்தில் அபூர்வம். கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் பந்துகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணட்டும், ஸவாமுராவின் கைக்கு அப்படி எண்ணுவார் யாரும் இருக்கவில்லை.

குஸநாகி மைதானத்தின் வாசலில் இன்று இரண்டு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒன்று காலை உயரத் தூக்கிப் பந்தெறியும் ஸவாமுரா. மற்றொன்று மட்டை வீசும் பேப் ரூத்.