"உன்ர நிறத்துக்கு அது எடுபடாது"

சின்ன வட்டத் தகர டப்பா, மூடியில் 1930களின் பாணியில் சுருள்முடிப் பெண் ஒருத்தி, உள்ளே இளம் ரோஸ் நிறத்தில் பவுடர். 'விண்டேஜ்' எண்டு சொல்லி இப்ப விக்கிற பிளஷ்கள் பெரும்பாலும் இந்த அச்சுத்தான். நான் போட்டுப் பார்த்ததும் அப்படி ஒண்டு. எந்தக் கம்பெனி எண்டது இங்கே முக்கியமில்லை.

டப்பா நல்ல வடிவு, அதை மறுக்கேல்லை. ஆனால் கன்னத்தில் பட்டதும் ரோஸ் காணாமல் போய்ச் சாம்பல் வந்து நிண்டது. சுண்ணாம்புக் கையால ஆரோ அறைஞ்ச மாதிரி. இரண்டாம் தரம் பூசினால் சாம்பல்தான் கூடுது.

இதை வெளியில் சொன்னால் வருகிற பதில் உங்களுக்கும் பாடம்: "உன்ர நிறத்துக்கு அது எடுபடாது." பெரியம்மா சொல்லுவா, சலூன் அக்கா சொல்லுவா, சில நேரம் சிநேகிதியும் சொல்லுவாள். பவுடரின் குறையைத் தூக்கி எங்கட தோலின் தலையில் கட்டுகிற வசனம் இது. எனக்கு இதோடதான் சண்டை.

பவுடர் பிளஷில் நிறமி கொஞ்சம்தான். மீதி டால்க், மைக்கா போன்ற அடித்தூள். சிவப்பை இளம் ரோஸாக்க அதில் டைட்டேனியம் டயாக்சைட் என்ற வெள்ளையைக் கலக்கிறார்கள். வெளிறிய தோலில் அந்த வெள்ளை தெரியாது. கறுத்த தோலில் மேலே படிந்து சாம்பலாக நிற்கும். வெள்ளையைக் குறைத்து, செங்கல் நிறத்திலோ நாவற்பழ நிறத்திலோ நிறமியைக் கூட்டிச் செய்த பிளஷ் இதே கன்னத்தில் அழகாகப் பிடிக்கும். தோல் மாறவில்லை, கலவைதான் மாறியது.

"பழைய பாணி எண்டால் அப்படித்தானே, அந்தக் காலத்தில் ஆர் கறுப்பாக்களுக்குச் செய்தது?" எண்டு கேட்பவர்களும் இருக்கினம். செய்தார்கள். அமெரிக்காவில் அன்தனி ஓவர்டன் என்ற கறுப்பின வியாபாரி 1898இல் ஒரு கம்பெனி தொடங்கினார். கறுப்பினப் பெண்களுக்காக அது விற்ற முகப் பவுடரின் பெயரே 'ஹை பிரவுன்'. ஆக, பழைய காலத்தில் இதுவும் இருந்தது. எந்தப் பழசைத் தூசு தட்டி எடுப்பது எண்டதை இண்டைக்கு விற்பவர்கள்தான் தெரிகிறார்கள்.

அந்த டப்பாக்கள் காட்டுகிற 'அடக்கமான சீமாட்டி' கதையும் பாதிப் பொய். விக்டோரியா கால இங்கிலாந்தில் கன்னத்துக்குச் சிவப்புப் பூசுவது நாடகக்காரிகளும் பாலியல் தொழிலாளிகளும் செய்கிற வேலை எண்டு ஏளனமாகப் பார்க்கப்பட்டது. பாரிஸின் பூர்ஜ்வா கம்பெனிகூட (அரசியல் வகுப்பில் திட்டு வாங்கும் பூர்ஷ்வா இல்லை) 1863இல் நாடக நடிகர்களுக்கான ஒப்பனையோடுதான் தொடங்கியது. கேவலமாகப் பேசப்பட்ட பெண்களின் சாமான் இது. எனக்கு இந்தக் கதைதான் பிடிச்சிருக்கு. இதை ஏன் ஒருவரும் மூடியில் அச்சடிக்கிறதில்லை?

எங்கட பக்கமும் சுத்தமில்லை. கலியாண அல்பங்களை எடுத்துப் பாருங்கோ: முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம், கை மூன்றாவது நிறம். முதலில் முகத்தை வெளுக்கப் பண்ணி, பிறகு அந்த வெளுப்புக்குப் பொருத்தமான ரோஸைப் பூசுகிறார்கள். பிளஷுக்காக ஆளை மாத்துகிற வேலை. அரங்கேற்றம் எண்டாலும் இதே கூத்துத்தான்.

கடும் நிறம் இருக்கோ எண்டு கடையில் கேட்டால், "அதைக் கேட்டு ஆக்கள் வாறேல்லை" எண்டு சொல்லுவினம். 2017இல் ஃபென்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் இறக்கியபோது கடும் நிறங்களை வாங்க ஆக்கள் திரண்டது உலகத்துக்கே தெரியும், இந்தக் கடைகளுக்கு மட்டும் தெரியாது. ஆக்கள் வாறேல்லையாம். கவுண்டருக்கு முன்னால கேட்டுக்கொண்டு நிக்கிற நான் ஆராம்?