கட்டட வேலைத் தூசியும் கடைச் சரக்கும்

சென்ற ஆண்டு ஆடி மாதம் நமது மண்டியின் பின்கட்டில் பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டோம். ஆடியில் கல்யாண ஆர்டர் கிடையாது, கட்டட வேலைக்கு இதுதான் சமயம் என்று எல்லோரும் நினைப்பதுபோல் நாமும் நினைத்தோம். முன்கட்டில் வியாபாரத்தை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தார்ப்பாய் கட்டினால் போதும் என்றார் கொத்தனார். தலையாட்டினோம். டைல்ஸ் கட்டரைத் தண்ணீர் விடாமல் ஓட்டினார்கள். மாலையில் பார்த்தால் வாய் திறந்திருந்த துவரம் பருப்பு மூட்டை, பாசிப்பருப்பு மூட்டை, வெல்லச் சிப்பம் எல்லாவற்றின் மேலும் திருநீறு பூசினாற்போல் வெள்ளை. மூன்று மூட்டைப் பருப்பையும் ஒரு சிப்பம் வெல்லத்தையும் விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கினோம். சலித்து விற்றால் யாருக்குத் தெரியும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. தின்கிறவன் பல்லுக்குத் தெரியும்.

மறுநாள் நமது கடை ஆள் விளக்குமாற்றால் பெருக்கினார். பெருக்கப் பெருக்கத் தூசி எழுந்து மறுபடி மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்தது. அவருக்கு இருமல் பிடித்து இரண்டு வாரம் விடவில்லை. மகன் வீட்டிலிருந்து வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தான். அரை நாள்தான். கருகிய வாசனையோடு நின்றுவிட்டது. இதற்காக வீட்டில் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பழுது பார்த்தவர் திறந்து காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வீட்டு மிஷின் சோபா, திரைச்சீலைத் தூசிக்கானது. பை சிறியது. சிமெண்டுத்தூள் மாவுபோல் நைசானது. துணி வடிகட்டியின் கண்களைச் சீக்கிரமே அடைத்துவிடும். இழுக்கிற காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று நின்றால் மோட்டார் சூடேறிப் போகிறது. வடிகட்டியைத் தாண்டிய தூளும் உள்ளே புகுந்து பேரிங்கைத் தின்கிறது.

அடுத்து கட்டட வேலைக்கான மிஷின் தேடிப் போனோம். ஒரு கடையில் "1600 வாட்ஸ், நல்ல பவர்" என்று ஒரே பாட்டு. வாட்ஸ் என்பது அது தின்னும் மின்சாரம், இழுக்கும் சக்தி அல்ல. நாம் பார்க்க வேண்டியவை வேறு. ஈரம், உலர்ந்தது இரண்டையும் இழுக்கும் டிரம் மிஷினாக இருக்க வேண்டும். 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. குழாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரைத்துண்டு சிக்கிக்கொள்ளும். உள்ளே போடும் பை காகிதமாக இல்லாமல் கிழியாத துணிவகையாக இருப்பது நல்லது. பின்னால் மடிப்பு வடிகட்டியும் வேண்டும். மாற்று வடிகட்டி நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கில், எர்த் இருக்கிற பாயிண்டில்தான் ஓட்ட வேண்டும். பெரிய துண்டுகள், ஆணி இவற்றைப் பாண்டு சட்டியில் அள்ளிய பிறகே மிஷினைத் தொட வேண்டும். சிமெண்டுத்தூள் இருக்கும் டிரம்மில் தண்ணீரை இழுத்தால் உள்ளே இறுகிப் பாறையாகிவிடும்.

ஐரோப்பாவில் இத்தகைய மிஷின்களை எல், எம், எச் என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். எல் வகுப்பில் 100-க்கு 1 பங்கு வரை தூசி வெளியேறலாம். எம் வகுப்பில் 1000-க்கு 1 பங்குக்கு மேல் போகக் கூடாது. கான்கிரீட், டைல்ஸ், கிரானைட் தூசிக்கு எம் வகுப்பாவது வேண்டும். காரணம், அந்தத் தூசியில் மணலில் உள்ள சிலிகா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நைசான பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. பல ஆண்டுகள் இதைச் சுவாசித்தவர்களுக்கு வருவது சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. கல் வேலை மிகுந்த ராஜஸ்தானில் இந்நோய்க்கென்றே 2019-இல் அரசு தனிக் கொள்கை வகுக்க வேண்டியதாயிற்று. நமது கடை ஆளுக்கு இருமல் நின்றுவிட்டது. தினமும் கல் அறுக்கிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்படி நிற்காது. வேலையை நாம் தருகிறோம். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்வதும் நம் வேலைதான்.

நமது மில்கார நண்பர் ஒருவர், இதே மிஷினில் மாவுத்தூளையும் இழுக்கலாமே என்றார். கூடாது. மாவுத்தூள் தீப்பற்றக் கூடியது, அதற்குத் தனி மிஷின் உண்டு.

விலைதான் சங்கடம். சாதாரண டிரம் மிஷின் ஐயாயிரம், ஆறாயிரத்தில் தொடங்குகிறது. எம் வகுப்பு அதைப்போல் பல மடங்கு. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடையைப் புதுப்பிக்கும் மளிகைக்காரர் இதை வாங்கி மூலையில் போடுவது வீண் முதலீடு. சங்கமே எம் வகுப்பில் ஒரு மிஷின் வாங்கி நாள் வாடகைக்கு விடலாம். பையின் விலையை எடுப்பவரே கொடுக்கட்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் திருப்பித் தருகிறவருக்கு அபராதம் போடலாம். அது யார் யார் என்று நமக்கு இப்போதே தெரியும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். நமது பங்காக முதல் ஐயாயிரம் ரூபாயைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம்.