அந்தப் பதிவேடுகள் யாருக்குச் சொந்தம்?

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளில் கடைசியானது 1990-களில்தான் மூடப்பட்டது. சுமார் 1,50,000 பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். அங்கே எழுதப்பட்ட பதிவேடுகளைப் பற்றி ஒரு வாதம் இன்றுவரை நிலைத்திருக்கிறது: பள்ளியை நடத்திய திருச்சபையும் பணம் கொடுத்த அரசும் எழுதிய ஏடுகள் அவர்களுக்கே சொந்தம், அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள், தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால் பூட்டிவைப்பதே நல்லது. இதில் கடைசிப் பகுதியில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது.

உடைமையை முதலில் பார்ப்போம். 1920-ல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. பெற்றோர் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தபின், அந்தப் பிள்ளை எப்போது வந்தது, என்ன நோயில் படுத்தது, எங்கே புதைக்கப்பட்டது என்ற செய்தி பள்ளியின் ஏட்டில் மட்டுமே எஞ்சியது. குடும்பத்திடம் வேறு சான்று கிடையாது. பறித்தவரே அந்தச் செய்திக்கும் உரிமையாளர் என்பது எந்த நீதியிலும் சேராது. அவர் அந்த ஏட்டுக்குக் காவலர், அவ்வளவே.

காவலையாவது ஒழுங்காகச் செய்தார்களா? பள்ளி அறிக்கைகளை ஐந்தாண்டிலும் விபத்து அறிக்கைகளைப் பத்தாண்டிலும் அழிக்கலாம் என்று 1930-களில் அரசு விதி வகுத்தது. பதினைந்து டன் காகிதம் போனது. 1936 முதல் 1944 வரை பூர்வகுடிகளை நிர்வகித்த இந்தியர் விவகாரத் துறையின் 2,00,000 கோப்புகள் அழிக்கப்பட்டன. இப்பள்ளிகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் அடையாளம் கண்ட ஏறத்தாழ 3,200 மரணங்களில் 32 விழுக்காட்டில் இறந்த பிள்ளையின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. 49 விழுக்காட்டில் காரணம் இல்லை. பெற்ற தாய்க்கு இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்க முடியும்! அரசே அமைத்த அந்த ஆணையம், அரசிடமிருந்து ஆவணங்களைப் பெற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2013-ல்தான் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வடக்கு ஒன்டாரியோவின் செயின்ட் ஆன்ஸ் பள்ளியில் நடந்த கொடுமைகளை 1990-களில் காவல்துறை விசாரித்தது. அந்த ஆவணங்களை மத்திய அரசு கையில் வைத்துக்கொண்டே, இழப்பீடு கேட்டு வந்தவர்களிடம் காட்டாமல் இருந்தது. 2014-ல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கொடுத்தது.

அந்தரங்கம் என்ற வாதம்தான் கடினமானது. தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை இழப்பீட்டு விசாரணையின் மூடிய அறையில், ரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியை நம்பிச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் சொன்னது அவர்களுடையது. வேண்டாம் என்றால் அழிக்கப்பட வேண்டும் என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் விருப்பம் தெரிவிக்காதவர்களின் வாக்குமூலங்களும் 2027 செப்டம்பர் 19-க்குப் பிறகு அழிக்கப்படும். அவர்களில் பலர் முதியவர்கள், சிலர் இறந்துவிட்டவர்கள். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது சரியல்ல. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடும் இறப்புக் குறிப்பும் பள்ளியை நடத்திய துறவியர் மடத்தின் நாட்குறிப்பும் யாரும் நம்பி ஒப்படைத்த ரகசியங்கள் அல்ல. பிள்ளையின் அந்தரங்கத்தைக் காட்டி நிறுவனம் தன்னை மறைத்துக்கொள்வதை ஏற்க முடியாது.

இப்போது எல்லாம் கொடுத்தாகிவிட்டதே என்கிறார்கள். 2021-ல் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் புதைகுழிகள் இருக்கலாம் என்ற அறிவிப்பு உலகை உலுக்கிய பிறகுதான் பல கதவுகள் திறந்தன. அப்பள்ளியை நடத்திய, தமிழ்க் கத்தோலிக்கர் அமலமரித் தியாகிகள் என்று அறிந்த சபையின் ரோம் காப்பகத்தைக் கனடாவின் ஆவணக் காப்பாளர் பார்வையிட்டது 2022-ல். உலகமே பார்த்த பிறகு முடிந்தது, முன்பும் முடிந்திருக்கும்.

தங்களைப் பற்றிய தகவல்கள் மீது உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கையும் 1998-லிருந்து பூர்வகுடிகளான முதல் குடிகள் கேட்டு வருகிறார்கள். மூல ஏடுகள் அவர்களிடமோ, இந்த ஆவணங்களைக் காக்கும், மனிடோபா பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய மையத்திடமோ சேரவேண்டும். நிறுவனங்கள் வேண்டுமானால் நகல் வைத்துக்கொள்ளட்டும். கனடாவில் வாக்களிக்கும் தமிழர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதற்கொரு சட்டம் கேளுங்கள், 2027 செப்டம்பருக்கு முன்பாக.