அறிவுரையும் துணையும்

புதுச்சேரி நகரின் வடபுறத்தில் அமைந்துள்ளது கருவடிக்குப்பம். பாரதியார் பாடிய சித்தானந்த சுவாமிகள் கோயில் அங்கே உள்ளது. குயில் பாட்டுக்குக் களமான மாந்தோப்பும் அப்பகுதியிலேயே இருந்தது என்பர். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், பாப்பாப் பாட்டில் படிப்புக்கு இணையான இடத்தை விளையாட்டுக்கும் அளித்தார். இன்றைய பள்ளிகளிலோ தேர்வு நெருங்கும் வேளையில் உடற்கல்விப் பாடவேளையே முதலில் பறிபோகிறது. இது சிறிய இழப்பன்று என்பதை அண்மைக்கால மருத்துவ ஆய்வுகள் உணர்த்துகின்றன.

மருந்தையும் அறுவையையும் ஆராய்வதைப் போலவே மனிதரின் அன்றாடப் பழக்கத்தை மாற்றும் முயற்சிகளையும் ஆராய இயலும். ஒத்த தன்மையுடைய இரு குழுக்களை அமைத்து, ஒரு குழுவுக்கு மட்டும் புதிய முயற்சியை வழங்கி, பல ஆண்டுகள் கழித்து இரண்டையும் ஒப்பிடுவது அதன் வழிமுறை. கேட்பதற்கு எளிது, செய்வதற்குப் பெரும் பொறுமை வேண்டும்.

அத்தகைய பொறுமைக்குச் சான்றாகும் ஓர் ஆய்வின் முடிவு 2025 சூன் மாதத்தில் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் அதன்பின் கீமோதெரபியும் பெற்று முடித்த 889 பேர் அதில் பங்கேற்றனர். பெரும்பாலோர் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்தவர்கள். 2009-இல் ஆட்சேர்ப்புத் தொடங்கியது. ஒரு குழுவினருக்கு உடற்பயிற்சியின் நன்மைகளையும் நல்லுணவையும் விளக்கும் கையேடுகள் தரப்பட்டன. மற்றொரு குழுவினருக்கு அவற்றுடன் ஒரு பயிற்சியாளரும் மூன்றாண்டுகள் துணை நின்றார். முதல் ஆறு மாதங்கள் அடிக்கடி நேரில் சந்தித்து ஊக்குவித்த அவர், பின்னர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டார். அவர்கள் செய்ததும் கடினமான பயிற்சியன்று. வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை விரைந்து நடப்பதற்கு ஈடான உழைப்பே அது.

எட்டாண்டுகளுக்குப் பின் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90.3 பேர் உயிருடன் இருந்தனர். கையேடு மட்டும் பெற்ற குழுவில் 83.2 பேர். ஐந்தாண்டுகள் நோயின்றி வாழ்ந்தவர்களின் அளவும் 80.3, 73.9 என வேறுபட்டது. பயிற்சி பெற்றோரிடையே தசை, மூட்டு வலிகள் சற்று மிகுதியாக இருந்தமையையும் ஆய்வாளர் மறைக்கவில்லை. இரு குழுவினரும் அறிந்திருந்த செய்தி ஒன்றே என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. நடப்பது நல்லது என்பதை அறியாதவர் எவரும் அங்கில்லை. அறிந்ததைச் செய்ய ஒருவர் உடன் நின்றாரா, இல்லையா என்பதே நூற்றுக்கு ஏழு உயிர்களின் வேறுபாடாக விளைந்தது.

முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தபோது, நோயாளி பிழைப்பாரா என்பதே பெருங்கேள்வியாக இருந்தது. இன்று பலர் பிழைக்கின்றனர். ஆயினும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் அவர்களுக்குக் கிடைப்பது மருந்துச் சீட்டும் ‘கொஞ்சம் நடங்கள்’ என்னும் சொல்லும்தான். அச்சொல்லோடு ஒரு துணையையும் தருவது மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

குழந்தைகளின் செய்தி இதனோடு தொடர்பற்றதன்று. மிகையான உடல் கொழுப்பு பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கு வழிகோலுவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் அறிவித்தது. 5 முதல் 19 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் உடல்பருமன் உடையவர்கள் என 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. மெலிந்த குழந்தைகளுக்கு உணவளிக்கவே நீண்ட காலம் பாடுபட்ட நாட்டுக்கு இது எதிர்பாராத சுமை.

இதனைப் பள்ளி மட்டுமே தடுத்துவிடுமா? இங்கிலாந்தில் 54 தொடக்கப்பள்ளிகளில் நாள்தோறும் அரை மணி நேர உடலியக்கத்தைக் கூட்டி, நல்லுணவுப் பயிற்சியும் அளித்து ஓராண்டு முயன்றனர். 2018-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. குறிப்பிடத்தக்க பயன் ஏதுமில்லை. பிரான்சின் வடபகுதியில் உள்ள ஃப்ளேர்பே, லவாந்தி என்னும் இரு சிற்றூர்களின் கதை வேறு. 1992-இல் பள்ளியில் தொடங்கிய உணவுக் கல்வி, மெல்ல மெல்ல ஊர் முழுவதன் முயற்சியாக விரிந்தது. தொடக்க ஆண்டுகளில் அங்கும் குழந்தைகளின் எடை ஏறவே செய்தது. அந்நிலையில் கைவிட்டிருந்தால் தோல்வி என்றே பதிவாகியிருக்கும். 2004-இல் அவ்வூர்க் குழந்தைகளுள் மிகையெடை உடையோர் நூற்றுக்கு 8.8, ஒப்பிட்ட பிற ஊர்களில் 17.8. இது இங்கிலாந்தில் நடந்ததைப் போன்ற கறாரான ஆய்வன்று. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். எனினும் பள்ளி வாயிலுக்கு உள்ளே கற்பிப்பதை வாயிலுக்கு வெளியேயுள்ள ஊர் மறுக்காமல் இருக்க வேண்டும் என்பது இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் புலப்படும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிக்கிறது. பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும் பெட்டிக்கடையை ஐம்பது மீட்டருக்குள் காணாத மாணவர் எத்தனை பேர்? கடைக்காரரைப் பழிப்பதிலும் பயனில்லை. அவ்விலைக்கு அவர் விற்கத்தக்க சுண்டலும் கடலை மிட்டாயும் எளிதில் கிடைக்க வழி செய்யாத விதி தாளிலேயே நிற்கும்.

இத்தகைய ஆய்வுக்குப் புதுச்சேரி பொருத்தமான களம். பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930-இல், பள்ளி மதிய உணவு கண்ட ஊர் அது. 1823-இல் தோன்றிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியை மூலமாகக் கொண்ட ஜிப்மர், கருவடிக்குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோரிமேட்டில் வட்டாரப் புற்றுநோய் மையத்துடன் இயங்குகிறது. கனடாவின் முடிவை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. சித்திரை வெயிலில் எந்நேரம் நடப்பது, வீட்டு வேலை முடிந்து இருட்டிய பின் ஒரு பெண் எந்தத் தெருவில் அச்சமின்றி நடப்பது, கூலி இழக்காமல் தொழிலாளி எப்போது பயிற்சிக்கு வருவது என்னும் வினாக்களுக்கு இங்கேயே விடை தேட வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை தேவைப்படும் கருவி பெரிதன்று. ஓர் எடைக்கருவியும் ஓர் அளவுகோலும் போதும். கருவடிக்குப்பத்தில் இவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் சேரும் சிறுமியின் உயரத்தையும் எடையையும் குறிக்கத் தொடங்கினால், அந்தப் பிரெஞ்சு ஊர்கள் காத்திருந்த அதே பன்னிரண்டு ஆண்டுகளில், அவள் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும்போது, முதல் விடை கையில் இருக்கும்.